போர்க்காலத்திலும் வந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஏன் வரவில்லை?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். நாடுகளுக்கிடையே பதற்றம், போர், குண்டுவெடிப்பு என்று ஏதாவது வந்தால் வெளிநாட்டுப் பயணிகளின் வருகை எவ்வளவு குறையும், எத்தனை மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்பும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே இன்னொரு கேள்வியையும் போகிற போக்கில் போட்டிருக்கிறீர்கள்: இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் போர் நடந்த இலங்கைக்கு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் வந்தவர்கள், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்த ஒரே ஒரு காலைப்பொழுதுக்குப் பிறகு எப்படிக் காணாமல் போனார்கள்? கிழக்குக் கரையின் அறுகம் குடாவில் கடன் வாங்கி ஆறு அறை விடுதி கட்ட நினைக்கும் உங்களுக்கு இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். அதற்கு விடை கிடைத்தால் முதற் கேள்வியின் பாதி தானாகவே அவிழ்ந்துவிடும்.

நான் பொருளியல் படித்தவன் அல்லன். கொழும்பில், வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகளுக்கு ஹோட்டல், வாகனம், வழிகாட்டி எல்லாம் ஒழுங்குசெய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் 22 ஆண்டுகள் ஒப்பந்தப் பிரிவில் வேலை செய்தவன். பிரித்தானிய, ஜேர்மன் பயண நிறுவனங்களோடு பேரம் பேசுவதும், அறைகளை ஒதுக்குவதும், பிறகு அவை இரத்தாகும்போது ஹோட்டல்காரர்களிடம் திட்டு வாங்குவதும்தான் என் தொழில். ஆகவே இதைப் புள்ளிவிவரக்காரனின் பதிலாக எடுக்காமல், இரத்துக் கடிதங்களை வாசித்தவனின் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

போர்க்காலக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைப் பெரும்பாலானோர் தவறாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். 1982 இல் இலங்கைக்கு வந்தவர்கள் சுமார் 4 இலட்சத்து 7 ஆயிரம் பேர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எண்ணிக்கை சரிந்து, 1980களின் இறுதியில் 1 இலட்சத்து 80 ஆயிரத்தை ஒட்டிக் கிடந்தது. இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1989 இல் 1 இலட்சத்து 85 ஆயிரமாக இருந்த வருகை, 1990 இல் ஏறத்தாழ 2 இலட்சத்து 98 ஆயிரமாகப் பாய்ந்தது. 1990 ஜூனில்தான் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது! போர் மூண்ட ஆண்டில் வருகை கூடுவது எப்படி? தெற்கில் ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சி 1989 இன் இறுதியில் அடக்கப்பட்டுவிட்டது. பெந்தோட்டை, ஹிக்கடுவை, காலி எல்லாம் தெற்கிலும் தென்மேற்கிலும் இருக்கின்றன. உல்லாசப் பயணிக்கு எந்தக் கடற்கரை அமைதியாக இருந்தால் போதுமோ அந்தக் கடற்கரை அமைதியாகிவிட்டது. அவ்வளவுதான்.

1995 ஐயும் பாருங்கள். மூன்றாம் ஈழப்போர் தொடங்கிய ஆண்டு. அக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் மூட்டை முடிச்சோடு தென்மராட்சிப் பக்கம் நடந்த ஆண்டு. அந்த ஆண்டின் வருகை 4 இலட்சத்து 3 ஆயிரம். முந்திய ஆண்டைவிட நாலாயிரத்துச் சொச்சம்தான் குறைவு. ஆனால் 1996 ஜனவரி 31 அன்று கொழும்பில் மத்திய வங்கியில் குண்டு வெடித்தது, அந்த ஆண்டின் வருகை 3 இலட்சத்து 2 ஆயிரத்துக்கு இறங்கியது. நான்கில் ஒரு பங்கு போயிற்று. நம் ஆட்களுக்கு இதைச் சொல்லும்போது எனக்கே வாய் கசக்கும். வடக்கில் எத்தனை பேர் செத்தார்கள் என்பது இந்தக் கணக்கில் ஏறவே இல்லை.

ஆக, ஆபத்தின் அளவு வருகையைத் தீர்மானிப்பதில்லை. ஆபத்து எந்த வாசலைத் தட்டுகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. வாசல் என்று நான் சொல்வது மூன்று: பயணியின் நாட்டு அரசு வெளியிடும் பயண அறிவுறுத்தல், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காப்புறுதி, விமான இருக்கை. ஒரு வெளிநாட்டு அமைச்சு "அவசியமற்ற பயணங்களைத் தவிர்க்கவும்" என்று ஒரு வரி போட்டால், பெரும்பாலான பயணக் காப்புறுதிகள் அந்த நாட்டுக்குச் செல்லுபடியாகாமல் போகும். காப்புறுதி இல்லாமல் எந்தப் பெரிய பயண நிறுவனமும் ஆளை ஏற்றாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் தொகுப்புப் பயண (விமானம், ஹோட்டல் எல்லாம் சேர்த்து ஒன்றாக விற்கும் பயணம்) விதிகளின்படி, போகிற இடத்தில் தவிர்க்க முடியாத அசாதாரண நிலைமை ஏற்பட்டால் வாடிக்கையாளர் கட்டணமின்றி விலகலாம், நிறுவனமும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பயணத்தை நிறுத்தலாம். அசாதாரண நிலைமைக்குச் சான்று என்ன? நடைமுறையில் அந்த அமைச்சின் ஒரு வரிதான். போர்க்காலத்தில் அந்த அறிவுறுத்தல்கள் பெரும்பாலும் வடக்கையும் கிழக்கையும் தவிர்க்கச் சொல்லின. முழுத் தீவையும் மூடவில்லை. நீர்கொழும்பு, சீகிரியா, கண்டி, பெந்தோட்டை என்று நாங்கள் விற்ற பத்து நாள் சுற்று, காகிதத்தில் பாதுகாப்பானதாகவே இருந்தது.

2019 ஏப்ரல் 21 இல் தாக்கப்பட்டவை மூன்று தேவாலயங்களும் கொழும்பின் மூன்று சொகுசு ஹோட்டல்களும். ஹோட்டல்களில் காலை உணவு நேரம். இறந்த இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்டவர்களில் நாற்பதுக்கும் அதிகமானோர் வெளிநாட்டவர். இம்முறை ஆபத்து, பயணியின் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டது. 25 ஆம் தேதி பிரித்தானியா முழு நாட்டுக்குமான அறிவுறுத்தலைப் போட்டது. அதுவரை எங்களுக்கு வந்தவை பதற்றமான விசாரிப்புகள். அதற்குப் பிறகு வந்தவை இரத்துப் பட்டியல்கள். வடக்கு இங்கிலாந்திலிருந்து ஆண்டுதோறும் வரும் ஓய்வுபெற்ற தம்பதி ஒன்று எனக்கு நேரடியாக எழுதினார்கள். தங்களுக்குப் பயமே இல்லை, வருவதாகவே இருக்கிறோம், ஆனால் முகவர் டிக்கெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார், காப்புறுதி நிறுவனமும் கை விரித்துவிட்டது என்றார்கள். அவர்களுடைய மனத்தில் ஆசை குறையவில்லை. கணக்கேட்டில் மட்டும் இரண்டு பேர் குறைந்தார்கள். சுற்றுலாத் தேவை குறைந்தது என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

மாதக் கணக்கைச் சொல்கிறேன். 2018 மே மாதத்தில் 1 இலட்சத்து 29 ஆயிரம் பேர் வந்தார்கள். 2019 மே மாதத்தில் 37,802 பேர். எழுபது வீதத்துக்கு மேல் வீழ்ச்சி. பிரித்தானியா ஜூன் 6 ஆம் தேதி அறிவுறுத்தலைத் தளர்த்தியது. மற்ற நாடுகளும் அதையொட்டியே தளர்த்தின. ஆகஸ்டு முதலாம் தேதியிலிருந்து 48 நாட்டவருக்கு விசாக் கட்டணத்தை இலங்கை நீக்கியது. ஜூலையில் வீழ்ச்சி 47 வீதம், ஆகஸ்டில் 28, நவம்பரில் 9.5, டிசம்பரில் வெறும் 4.5. எட்டு மாதத்தில் கிட்டத்தட்டப் பழைய நிலை. இந்தக் கணக்கைத்தான் எல்லோரும் "எட்டு மாதத்தில் மீண்ட நாடு" என்று மேற்கோள் காட்டுவார்கள்.

நீங்கள் இதை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள், தம்பி. எட்டு மாதம் என்பது நாட்டின் கணக்கு. பெந்தோட்டைக்காரனுக்குப் பெரிய சீசன் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. அவனுடைய சீசன் முடிகிற வாரத்தில்தான் குண்டு வெடித்தது. அடுத்த சீசன் தொடங்கும்போது ஆட்கள் திரும்பிவிட்டார்கள். அவன் இழந்தது பெரும்பாலும் மழைக்காலத்தை. அறுகம் குடாவுக்கும் நிலாவெளிக்கும் பாசிக்குடாவுக்கும் சீசன் மே முதல் செப்டம்பர் வரை. கிழக்குக் கரைக்காரன் வலை போட்டுக் காத்திருந்த முழு ஐந்து மாதமும் அந்தக் குழிக்குள் விழுந்துவிட்டது. ஆண்டுச் சராசரியில் நாட்டுக்கு 18 வீத வீழ்ச்சி. உங்கள் ஊரில் ஒரு முழு ஆண்டு வருமானமே போயிற்று. அலைச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடும் ஒரு கடைக்காரர் அந்த வருடம் தன் முச்சக்கரவண்டியை விற்றதை நான் அறிவேன். இந்த நாட்காட்டி வித்தியாசத்தை எந்த ஆய்வுக் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை, என் கண்ணில் படாமலும் இருக்கலாம்.

மீட்சிக்கு எவ்வளவு காலம் என்ற கேள்விக்கும் வாசல்தான் விடை. எகிப்தைப் பாருங்கள். 2015 அக்டோபர் 31 இல் ஷாம் எல் ஷேக்கிலிருந்து புறப்பட்ட ரஷ்யப் பயணிகள் விமானம் சினாய்க்கு மேல் சிதறி 224 பேர் இறந்தார்கள். பிரித்தானியா அந்த விமான நிலையத்துக்கான விமானங்களை நிறுத்தியது. தடையை எடுத்தது 2019 அக்டோபரில். ரஷ்யா செங்கடல் ஊர்களுக்கு மறுபடி விமானம் விட்டது 2021 ஆகஸ்டில். 2015 இல் எகிப்துக்கு 93 இலட்சம் பேர் வந்தார்கள், 2016 இல் 54 இலட்சம். விமான நிலையத்தின் பாதுகாப்பு மீதே சந்தேகம் விழுந்ததால் அந்த வாசலைத் திறக்க நான்கு ஆண்டும் ஆறு ஆண்டும் பிடித்தன. நமக்கு ஆறு வாரத்தில் திறந்தது. இரண்டு நாட்டுக்கும் வர இருந்த பயணிகளின் பயத்தில் அவ்வளவு வித்தியாசம் இருந்திருக்காது.

இன்னொரு வகை இருக்கிறது. அதில் யாருக்கும் கீறல் கூட விழாது, ஆனால் வருகை பாதியாகும். தென்கொரியா அமெரிக்காவின் ஏவுகணைத் தடுப்பு அமைப்பை நிறுவச் சம்மதித்ததற்காக, 2017 மார்ச்சில் சீனா தன் முகவர்கள் கொரியாவுக்குக் குழுப் பயணம் விற்பதை நிறுத்தியது. 2016 இல் 80 இலட்சத்துக்கு மேல் வந்த சீனர், 2017 இல் 42 இலட்சம்கூட இல்லை. சியோலில் ஒரு பட்டாசுகூட வெடிக்கவில்லை. துருக்கி 2015 நவம்பரில் ரஷ்யப் போர்விமானத்தைச் சுட்டு வீழ்த்திய பிறகு, ரஷ்யா வாடகை விமானங்களையும் தொகுப்புப் பயணங்களையும் தடை செய்தது. 2014 இல் 45 இலட்சமாக இருந்த ரஷ்யப் பயணிகள் 2016 இல் 9 இலட்சத்துக்கும் கீழ். இரு தலைவர்களும் சமாதானமானார்கள், 2017 இல் 47 இலட்சம் பேர் வந்தார்கள். குழாயை மூடித் திறந்ததுபோல. சீனா, ரஷ்யா போன்ற நாடுகளில் பயணத் தொழிலின் குழாய் அரசின் கையில் இருப்பதால் இது முடிகிறது.

மாலைதீவில் 2024 இல் நடந்தது சற்று வேறு. இந்தியப் பிரதமர் இலட்சத்தீவுக்குப் போன படங்களை ஒட்டி அங்குள்ள துணை அமைச்சர்கள் சிலர் எழுதிய பதிவுகளால் இந்தியர்கள் கோபமுற்றார்கள். அரசு தடை எதுவும் போடவில்லை. ஆனாலும் 2023 இல் 2 இலட்சத்து 9 ஆயிரமாக, நாடுகளில் முதலிடத்தில் இருந்த இந்தியர் வருகை சுமார் 1 இலட்சத்து 30 ஆயிரமாகக் குறைந்தது. மாலைதீவின் மொத்த வருகையோ அந்த ஆண்டு கூடி 20 இலட்சத்தைத் தாண்டியது. சீனர்களும் ஐரோப்பியர்களும் இடத்தை நிரப்பிவிட்டார்கள். அதே ஆண்டு இலங்கைக்கு வந்த இந்தியர் 3 இலட்சத்திலிருந்து 4 இலட்சத்து 17 ஆயிரமாகக் கூடினார்கள். அவர்கள் மாலைதீவைக் கைவிட்டு இங்கே வந்தவர்களா? அப்படிச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தக் காலத்தில் இந்தியருக்கு விசாக் கட்டணமும் இல்லை, கொரோனாவுக்குப் பிந்திய மீட்சியும் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை பேர் எதற்காக வந்தார்கள் என்று பிரித்துச் சொல்கிறவரை நான் நம்பமாட்டேன்.

ஆனால் ஒருவரின் இழப்பு இன்னொருவரின் வரவு என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்த விடயம். அரபு நாடுகளின் எழுச்சியில் எகிப்தின் வருகை 2010 இன் 1 கோடியே 47 இலட்சத்திலிருந்து 2011 இல் 98 இலட்சமாக விழுந்தபோது ஸ்பெயினின் கடற்கரைகள் நிரம்பின. ஸ்பானியப் பத்திரிகைகள் அவர்களைக் "கடன் வாங்கிய பயணிகள்" என்றே எழுதின, என்றாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கவலையோடு. நமக்கும் அப்படிக் கடன் கிடைத்தது. உக்ரைன் போரால் ஐரோப்பிய வானம் ரஷ்யர்களுக்கு மூடப்பட, 2023 இல் சுமார் 1 இலட்சத்து 97 ஆயிரம் ரஷ்யர் இலங்கைக்கு வந்தார்கள். இந்தியருக்கு அடுத்த இடம். கொழும்பில் 2022 ஜூனில் ஒரு நீதிமன்ற உத்தரவால் ரஷ்ய விமானம் ஒன்று தடுத்து வைக்கப்பட்டு நேரடிச் சேவை சில மாதம் நின்றுபோயிருந்த பிறகும் இவ்வளவு பேர். போர் என்றால் சுற்றுலாவுக்கு இழப்பு என்று பொதுவாகச் சொல்கிறவர்களிடம் யாருக்கு இழப்பு என்று கேட்க வேண்டும்.

நீங்கள் குறிப்பிட்ட அந்தப் "புவிசார் அரசியல் ஆபத்துக் குறியீடு" பற்றி. கல்தாரா, யாகொவியெல்லோ என்ற இரு பொருளியலாளர்கள் உருவாக்கியது. போர், பயங்கரவாதம், இராணுவப் பதற்றம் பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் எவ்வளவு வருகின்றன என்று எண்ணிச் செய்யும் அளவுகோல் அது. அச்சுறுத்தல் வேறு, நிகழ்ந்த தாக்குதல் வேறு என்று பிரித்திருப்பது நல்ல யோசனை. இந்தக் குறியீடு ஏறினால் வருகை இறங்கும் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. திசையில் எனக்குச் சந்தேகமில்லை. அளவில்தான் சந்தேகம். அவர்கள் எண்ணுவது பெரும்பாலும் அமெரிக்க, பிரித்தானிய ஆங்கிலப் பத்திரிகைகளை. வலிகாமம் இடம்பெயர்ந்ததற்கு அங்கே எத்தனை பத்தி கிடைத்திருக்கும், கொழும்பு ஹோட்டலுக்கு எத்தனை பத்தி கிடைத்திருக்கும்? ஒரு வகையில் பயணியும் அதே பத்திரிகையைத்தான் வாசிக்கிறான் என்பதால் குறியீடு பொருந்தவும் செய்யும். ஆனால் அப்போது அது அளப்பது செய்தியை. ஆபத்தை அளக்கிறது என்று சொல்ல முடியாது.

பல காரணங்கள் ஒன்றாக வந்துவிட்டால் யாராலும் பிரிக்க முடியாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2001 ஜூலை 24 இல் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது. விமானங்களுக்கான போர் ஆபத்துக் காப்புறுதிக் கட்டணம் எகிறியது. ஏழு வாரத்தில் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தன. அந்த ஆண்டின் 16 வீத வீழ்ச்சியில் எது எவ்வளவு? 2022 இல் உக்ரைன் போரும் நம் எரிபொருள் வரிசைகளும் ஒரே பருவத்தில் வந்தன. மார்ச்சில் 1 இலட்சத்து 6 ஆயிரம், மே மாதத்தில் 30 ஆயிரம். என் ஊகம், பெரும்பங்கு நம்முடைய வரிசைகளுக்குத்தான். ஆனால் ஊகம் ஊகந்தான். மறுபக்கத்தில், 2018 அக்டோபரில் பிரதமரை நீக்கி ஐம்பது நாள் இழுத்த அரசியல் கூத்தின்போது நாங்கள் எல்லோரும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தோம். அந்த டிசம்பரில் 2 இலட்சத்து 53 ஆயிரம் பேர் வந்து இறங்கினார்கள்.

அறுகம் குடாவுக்கு வருகிறேன். 2024 அக்டோபர் 23 இல் அமெரிக்கத் தூதரகம் அந்த ஊரின் பெயரையே சொல்லி, தாக்குதல் ஆபத்து இருப்பதாக எச்சரித்தது. இஸ்ரேல் தன் குடிமக்களை உடனே வெளியேறச் சொன்னது. காரணம் காஸாவில் நடந்த போர். உங்கள் ஊரில் யாரும் எதுவும் செய்யவில்லை. அந்த ஆண்டு நாட்டின் மொத்த வருகை 20 இலட்சத்தைத் தாண்டியதால், கொழும்பில் இருந்து பார்த்தவர்களுக்கு அது ஒரு செய்தி மட்டுமே. இஸ்ரேலிய இளைஞர்களை நம்பி எபிரேய எழுத்தில் பலகை மாட்டிய விடுதிக்காரருக்கு அது ஒரே நாளில் காலியான அறைகள். சீசன் முடிகிற வாரங்களில் வந்ததால் தப்பினார்கள். ஜூனில் வந்திருந்தால்?

அதோடு, ஐரோப்பியர் நம் நாட்டுக்கு வரும் வழி பெரும்பாலும் தோகா, துபாய், அபுதாபி. 2025 ஜூன் 23 இல் கட்டாரிலுள்ள அமெரிக்கத் தளத்தை ஈரான் தாக்கியபோது அந்த நாட்டின் வானம் சில மணி நேரம் மூடப்பட்டது. அது உங்கள் சீசனின் நடுவில். சில மணி நேரம் என்பதால் பிழைத்தோம்.

ஆகவே என் யோசனை இதுதான். ஒரு முழுச் சீசன் வருமானமே இல்லாமல் போனாலும் தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள்; முடியாது என்றால் ஆறு அறையை மூன்றாக்குங்கள். பாதிக்கு மேல் ஒரே நாட்டவரை நம்பாதீர்கள், அவர்கள் எவ்வளவு நல்ல காசு கொடுத்தாலும். தனியாக முதுகுப்பையோடு வரும் அலைச்சறுக்கு இளைஞர்கள் தொகுப்புப் பயணிகளைவிடச் சீக்கிரம் திரும்புவார்கள் என்பது என் அனுபவம், ஆனால் நான் விற்றது தொகுப்புப் பயணம். அவர்களைப் பற்றி உங்களுக்கே என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். தலை எண்ணிக்கையைப் பார்த்தும் மயங்காதீர்கள்: 2018 இல் 23 இலட்சம் பேர் 438 கோடி டொலர் தந்தார்கள், 2024 இல் 20.5 இலட்சம் பேர் தந்தது 317 கோடி.

அடுத்த நெருக்கடி எங்கிருந்து, எந்த மாதத்தில் வரும் என்று என்னிடம் கேட்காதீர்கள். கேட்டால் சொல்லுகிறவனிடமும் கேட்காதீர்கள். வங்கிக்குப் போவதற்கு முன் உங்கள் தெருவில் பத்து ஆண்டாவது விடுதி நடத்தும் ஒருவரிடம் போய், 2019 மே முதல் செப்டம்பர் வரையும் 2024 அக்டோபரிலும் அவர் எழுதிவைத்த முற்பதிவுக் கொப்பியை ஒரு மாலை இரவலாகக் கேளுங்கள்.